பூட்டு வீட்டுக்காரர்

நம் பக்கத்தில் புதிதாக ஓர் இனம் பெருகி வருகிறது. பூட்டு வீட்டுக்காரர் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். மேட்டூரில் அணை கட்டி முடித்ததும் சிமிட்டி என்ற சொல் எல்லார் வாயிலும் ஏறிக்கொண்டது. நிலக்கடலைக்கு விலை வந்த வருஷத்தில், நாமகிரிப்பேட்டையிலிருந்து ஜேடர்பாளையம் வரைக்கும் ஊர் ஊராகக் கூரை இறங்கிச் சீமை ஓடு ஏறியது. ஓட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் மாடி மெத்தை ஏறியது. மெத்தையைப் பார்த்து எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் சுதைச் சிங்கம் ஏறியது. வீட்டுக்காரர் மட்டும் ஏறவில்லை. அவர் வீட்டுக்குப் பின்னால், புடக்காளியில், பழைய சாளைக் குடிசையிலேயே, ஓலைக்குக் கீழே, எருமைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார்.

ஏன் என்று கேட்கிறீர்களா? உள்ளே போனால் வீடு அழுக்காகிவிடுமே.

செங்கோட்டையனைப் பாருங்கள். காடு உண்டு, கிணறு உண்டு, கல்யாண வயது தாண்டுகிற ஒரே மகன் கந்தவேல் உண்டு. பையனுக்கு நல்ல இடத்தில் பெண் வர வேண்டுமானால் நல்ல வீடு வேண்டும் என்று ஊரைக் கூட்டிச் சொல்லித்தான் அவர் மெத்தை வீடு கட்டினார். புதுமனை புகுந்த அன்றைக்குப் பால் காய்ச்ச வேண்டுமல்லவா? அதையும் தெருவாசலில் மூன்று கல்லைக் கூட்டித்தான் காய்ச்சினார். உள்ளே காய்ச்சினால் புது அடுப்பில் கரி பிடிக்குமாம். மூன்று வருஷமாக வீட்டின் சாவி அவருடைய அரைஞாணில் தொங்குகிறது. அடைமழை பிடித்தால் ஏணி வைத்து ஏறிச் சிங்கங்கள் நனையாதபடி கோணிச்சாக்குப் போர்த்திவிட்டு இறங்குவார். அந்த நேரத்தில் சாளை ஒழுகி, அவர் மனைவி நல்லம்மாள் சட்டியும் பானையுமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பாள். சிங்கத்துக்குத் தடுமன் பிடித்தால் யார் பார்ப்பது?

ஆனால் வீடு காட்டுவதில் அவருக்குச் சலிப்பே கிடையாது. ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தவனைக்கூட விடமாட்டார். செருப்பை வேலிக்கு வெளியே விடச் சொல்லி, காலைக் கழுவச் சொல்லி, கழுவிய காலை மறுபடியும் துடைக்கச் சொல்லி, அதற்கப்புறம்தான் அரைஞாணைத் தடவுவார்.

"செவுத்துல சாயாதீங்க, தலையில எண்ணெய் இருக்குது. தூணு மலையாளத்துத் தேக்குங்க. வேணும்னா தட்டிப் பாருங்க."

தட்டக் கை நீட்டுவீர்கள்.

"கைபடாமத் தட்டுங்க."

இப்படி இருக்கையில், ஜேடர்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்கச் சுப்பம்மாள் வந்தாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகப் பண்ணையம் பார்த்து, மகளையும் வளர்த்து ஆளாக்கினவள். அந்தப் பெண்ணைக் கந்தவேல் ஒரு கோயில் நோம்பியில் பார்த்திருந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு வேறு எந்த ஊர்ப் பெயரும் காதில் விழுவதில்லை. இந்தச் சம்பந்தம் கூடி வர வேண்டுமென்று நல்லம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பொழுது இருந்து வந்தாள். அடுப்புப் புகையில் பாதி பார்வை போன கண்ணுக்கு ஒரு மருமகள் வந்தால்தான் ஓய்வு.

செங்கோட்டையனும் அன்று தாராளமாகத்தான் இருந்தார். காலைக் கழுவி வந்த சம்பந்தியம்மாளை, துணி போர்த்திய நாற்காலியில், துணியை எடுக்காமலே உட்கார வைத்தார். பணியாரம் வந்தது. தரையில் துணுக்கு விழாதபடி தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு வந்தது. சுப்பம்மாள் தின்றாள், நன்றாக இருக்கிறது என்றாள், பிறகு எழுந்தாள்.

"அடுப்படியைப் பாக்கலாமுங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தானே அவர் மூன்று வருஷமாகக் காத்திருந்தார்? கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார்.

"எங்கியாச்சும் ஒரு பொட்டுக் கரி இருக்குதா, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சுப்பம்மாள் அடுப்புக்குள் விரலை விட்டுத் தடவினாள். விரல் வெள்ளையாகவே வந்தது. புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்தாள். அங்கே ஒரு குருவி கூடு கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் குடியிருந்தது அது ஒன்றுதான்.

"ஏனுங்க, இப்பத் தின்ன பணியாரம் எங்க வெந்ததுங்க?"

செங்கோட்டையன் இதற்குத் தயாராக வரவில்லை. தேக்கு எங்கிருந்து வந்தது, சுண்ணாம்பை எத்தனை நாள் அரைத்தது, எதைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

"அது வந்துங்க, பொடக்காளியில."

சுப்பம்மாள் யாரையும் கேட்காமல் புடக்காளிக்குப் போனாள். சாளைக்குள் குனிந்து நுழைந்து, கவிழ்த்து வைத்த கூடைமேல் உட்கார்ந்தாள். நல்லம்மாள் பதறி எழுந்தாள்.

"ஐயோ, இங்க எதுக்குங்க வந்தீங்க, புகை."

"நீங்க இருக்கறீங்கல்ல. கண்ணு ஏனுங்க இப்படிச் செவந்து கெடக்குது?"

"ஈர வெறகுங்க."

"அந்த ஊட்டுல புகைக்கூண்டு சும்மாத்தான நிக்குது?"

"அது ஒரம்பரை சனம் வந்தாப் பாக்கறதுக்குங்க" என்றாள் நல்லம்மாள், சிரிக்காமல்.

சுப்பம்மாள் திரும்பி வந்தபோது முடிவோடுதான் வந்தாள்.

"எனக்குச் சம்மதமுங்க. பையன் தங்கமான பையன். உங்க ஊட்டம்மா கைப்பக்குவமும் பாத்தாச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எம்மக வந்தன்னைக்கு இந்த அடுப்புல சோறு வேகோணும். அன்னையிலிருந்து தெனமும் வேகோணும்."

கந்தவேல் தூணுக்குப் பக்கத்தில், தூணைத் தொடாமல், அப்பன் முகத்தைப் பார்த்தபடி நின்றான். ஒரு வார்த்தை போதும். செங்கோட்டையனுக்கோ அந்த நேரத்தில் மகன் தெரியவில்லை. புகைதான் தெரிந்தது. அது அடுப்பிலிருந்து எழுந்து, பாலாய் வெளுத்த சுவரில் தவழ்ந்து, நிலைப்படியின் தேக்கு மயிலைக் கறுப்பாக்கி, கூடத்துக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்தார்.

"இன்னொரு வருசம் போகட்டுங்க" என்றார். "பூச்சு இன்னும் சரியாக் காயலை."

"மூணு வருசமாக் காயாத பூச்சுங்களா?" என்றாள் சுப்பம்மாள். "காயட்டுங்க. அதுக்கு நாங்க எதுக்கு வெயில்ல நிக்கோணும்?" வேலிக்கு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அப்பா, நான் வண்டி ஓட்டிட்டுப் போயி இவிங்களை உட்டுட்டு வாரேன்" என்றான் கந்தவேல்.

விட்டான். வரவில்லை. தை மாதம் ஜேடர்பாளையத்தில், கரி ஏறிக் கறுத்துப்போன ஒரு அடுப்படி உள்ள வீட்டில், அவனுக்குக் கல்யாணம் நடந்தது. போனவர்களில் நல்லம்மாளும் ஒருத்தி. மருமகளுக்குக் கைமாற்ற ஆள் வேண்டும் என்று அங்கேயே தங்கிவிட்டாள். அவள் கண் இப்போது பரவாயில்லை என்று கேள்வி.

செங்கோட்டையன் சாளையில் ஈர விறகை ஊதி ஊதிக் கூழ் காய்ச்சிக்கொள்கிறார். கண் சிவந்திருக்கிறது. நீங்கள் போனால் எழுந்து வந்து, சாவியை எடுத்து, எல்லாவற்றையும் காட்டுவார். மருமகள் ஏன் இந்த வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டால், அதற்கும் காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்: சிங்கம் இரண்டே இரண்டுதான் வைத்தாராம், நாலாக வைத்திருக்க வேண்டுமாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கென்ன, மெத்தை வீடா இருக்கிறது? ஒரு ஜமக்காளம் இருக்கலாம், நல்ல நாளுக்கென்று பரணில் சுருட்டி வைத்தது, பாச்சான் உருண்டை வாசனையோடு. கல்யாணத்தில் வந்த வெள்ளித் தம்ளர் இருக்கலாம், பெட்டியில் பூட்டி வைத்தது, யாரும் வாய் வைக்காதது. உங்கள் வீட்டம்மா நெளிந்த ஈயத் தம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டு, அந்தப் பெட்டியை மாதம் ஒரு தரம் தூசி தட்டி வைக்கிறாளா, இல்லையா? கேட்டுப் பாருங்கள். அவள் பதில் சொல்வதற்குள் உங்கள் கை தானாக எங்கே போகிறது என்றும் கவனியுங்கள். அரைஞாண் பக்கம் போனால், ஜேடர்பாளையத்துக்கு வண்டி பூட்ட உங்கள் வீட்டிலும் யாரோ எழுந்துவிட்டார்கள்.