வாஷி பாலத்தில் அடித்த காற்று

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்தில் ஒருவர் சிரமப்படும்போது என் கை சும்மா இருக்காது. லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டியில் முன்பின் தெரியாதவர்களின் முறுக்கிக்கொண்ட பை வாரை நேராக்கியிருக்கிறேன். ஒருமுறை ஒரு பெண்மணி பெரிய மூட்டையோடு திணறுவதைப் பார்த்து, அதை வாங்கி மேல் தட்டில் ஏற்றிவைத்தேன். அவர் குர்லாவில் இறங்குவதற்காக வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தவர். குர்லா போய்விட்டது. (அடுத்த ஸ்டேஷன் வரை அவர் மராத்தியில் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.)

ஆனால் அதெல்லாம் சில்லறை. என் பெயரை நிலைநாட்டியது வாஷி பாலம்தான்.

இசக்கிமுத்து தாராவியில் தோல் பை தைத்துக்கொண்டிருந்தவர். முதுகு வலி வந்தபோது, பை தைக்கிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறென்ன வலிக்கும் என்று பல மாதம் விட்டுவிட்டார். அது முதுகெலும்பில் வந்த டிபி. மருந்து நோயைத் தீர்த்தது. கால்களைத் திருப்பித் தரவில்லை. இன்னொருவர் தன்னைப் போல ஏமாறக் கூடாது என்று, சில வருடங்கள் கழித்து, திருநெல்வேலியிலிருந்து தாராவி வரை சக்கர நாற்காலியில் கிளம்பினார். மோட்டார் கிடையாது, கையால் உருட்டித்தான். ஊருக்கு ஊர் நின்று டிபியைப் பற்றிப் பேசுவார். பின்னால் சாமான்களோடு மெதுவாக ஒரு டெம்போ வரும். அதை ஓட்டியவர் அவருடைய மச்சான் செல்வம்.

அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. முழு வழியும் அவர் கையாலேயே போக வேண்டும், யாரும் தள்ளக் கூடாது. டெம்போவின் முகப்பில் கட்டியிருந்த பேனரிலேயே அது கொட்டை எழுத்தில் இருந்தது. (நான் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தப் பேனருக்கு இங்கிருந்தே போனில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்ததே நான்தான்.)

இரண்டரை மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வாஷிக்கு வந்து சேர்ந்தார். கடைசி நாள். மத்தியானத்துக்குள் செம்பூரில் எங்கள் மாதர் குழுவின் வரவேற்பு, சாயங்காலம் தாராவி. வாஷியிலிருந்து செம்பூர் வரை தண்ணீரும் குளுக்கோஸும் எடுத்துக்கொண்டு யாராவது கூட நடக்க வேண்டும் என்றார்கள். நான் கையைத் தூக்கினேன்.

தூக்கியதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. என் பெண் தியாவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அதுவும் டிபிதான். ஆறு மாதம் மாத்திரை. மாமியார் அந்த அட்டைகளைத் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்து, கேட்டவர்களிடம் இரும்புச்சத்து மாத்திரை என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். ஒருவர் அதே வியாதியை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் உரக்கச் சொல்லிக்கொண்டு வரும்போது, செம்பூர் வரை தண்ணீர் பாட்டிலாவது தூக்கலாமே என்று தோன்றியது.

என் கணவருக்கு அன்று டியூட்டி. மாமியார் வரவேற்பில் சட்னிக்குப் பொறுப்பு. அதனால் ஆறு வயது தியாவும் என்னோடு வந்தாள். பாலத்தில் நடக்கவைக்கப் பயந்து, அவளைச் செல்வத்தின் பக்கத்தில் டெம்போவின் முன் சீட்டில் உட்காரவைத்தேன். (அந்த சீட்டிலிருந்து எல்லாமே தெளிவாகத் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.)

கடல்கழியைத் தாண்டும் அந்த நீளப் பாலத்தின் ஏற்றத்தை பஸ்ஸில் போகும்போது நாம் உணர்வதில்லை. சக்கர நாற்காலிக்குப் பின்னால் நடந்தால்தான் தெரியும். இசக்கி தலையைக் குனிந்துகொண்டு உருட்டினார். அவருடைய கையுறை கிழிந்து, உள்ளங்கையில் பிளாஸ்திரி தெரிந்தது. ஒவ்வொரு உருட்டலுக்கும் தோள் நடுங்கியது. நான் ஐந்து நிமிடம் பொறுத்தேன். அப்புறம் இரண்டு விரலை நாற்காலியின் முதுகில் வைத்தேன்.

இரண்டு விரல்தானே? தியாவின் பள்ளியில் 'என் வீடு' என்று அட்டையில் வீடு செய்து வரச் சொன்னபோதும் நான் கூரையை மட்டும்தான் ஒட்டலாம் என்று ஆரம்பித்தேன். கடைசியில் தியா செய்தது அதில் தன் பெயரை எழுதியது மட்டும். முதல் பரிசு கிடைத்தது. நான்தான் ரொம்பப் பெருமைப்பட்டேன்.

இங்கேயும் விரல்கள் நாலாயின. பிறகு இரண்டு உள்ளங்கைகள். லாரிகளின் இரைச்சலில் இசக்கிக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்திருந்த அவர் தலை நிமிர்ந்தது.

"இன்னிக்கு காத்து நம்ம பக்கம்க்கா," என்றார் திரும்பாமலே. "பின்னாடி நின்னு தள்ளுதுல்லா."

இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. நான் சொன்ன பதில் இதுதான்: "ஆமாம், நல்ல காத்து."

பாலத்தை விட்டு இறங்கி மான்குர்து பக்கம் நிழலில் நிறுத்தினோம். இசக்கி தண்ணீர் குடித்துவிட்டு, கடைசிப் பாலம் இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை என்றார். டெம்போவிலிருந்து குதித்து வந்த தியா அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"அங்கிள், காத்து இல்ல. அம்மாதான் தள்ளி தக்கா குடுத்தா. ரெண்டு கையால."

செல்வம் டெம்போவின் டயரை ஆராயத் தொடங்கினார். (அவரும் பார்த்திருக்கிறார். வயதில் மூத்த அக்கா, எப்படிச் சொல்வது என்று கூசியிருக்கிறார்.) நான் வாயைத் திறந்து, கொஞ்சம்தான் என்றேன், மேட்டில் மட்டும்தான் என்றேன், பிறகு அழுதுவிட்டேன். இரண்டரை மாதம் ஒரு மனிதர் ரத்தம் கட்டிய கையோடு சேர்த்ததை நான் கால் மணி நேரத்தில் பொய்யாக்கியிருந்தேன். இனி தாராவியில் அவர் மைக்கைப் பிடித்து 'முழுக்க என் கையால வந்தேன்' என்று சொல்ல முடியாது. அவர் பொய் சொல்கிற ஆளும் இல்லை.

இசக்கி கோபப்படவில்லை. பாட்டிலை மூடினார்.

"எங்கன இருந்துக்கா தொட்டீங்க?"

மூன்றாவது விளக்குக் கம்பம் என்றேன். இல்லை, இரண்டாவது. ஒருவேளை அதற்கும் முன்னாலோ? ஒரு கம்பத்தில் காக்கை இருந்தது, அது எத்தனையாவது? எனக்கு எதிலும் இப்படித்தான். கேஸ் அடைத்தேனா என்று மூன்றுமுறை திரும்பிப் போய்ப் பார்ப்பவள்.

"விடுங்க. அப்ப பாலத்துக்கு அடியில இருந்தே போயிருவோம்."

ஆக, என் நேர்மை அவருக்கு மேலும் சில கம்பங்களை வாங்கிக் கொடுத்தது. டெம்போவில் நாற்காலியை ஏற்றி, அவரை ஏற்றி, சுற்றித் திரும்பி மறுபடியும் வாஷி போனோம். செம்பூரிலிருந்து செயலாளர் மாமி நாலுமுறை போன் செய்தார். இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது, நாதஸ்வரக்காரர் அடுத்த கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்கிறார், எங்கே இருக்கிறீர்கள்? பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

இந்தமுறை வெயில் ஏறியிருந்தது. அதைவிட மோசம், கடல்காற்று திரும்பி நிஜமாகவே அடிக்கத் தொடங்கியிருந்தது, நேர் எதிரே. தியா ஜன்னல் வழியாக, "அம்மா, கை பின்னால," என்று உத்தரவிட்டாள், அவளுடைய டீச்சர் குரலில். நான் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நாற்காலியின் பக்கவாட்டில் நடந்தேன். அவர் தோள் நடுங்கியபோதெல்லாம் என் விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன.

பாலத்தின் உச்சியில் மூச்சு வாங்க நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன், எட்டாவது தடவையாக.

"கால் போனதும் ஆளாளுக்குத் தள்ளுனாங்கக்கா. ஆஸ்பத்திரியில, ஸ்டேஷன்ல. நல்ல மனசுதான். ஆனா நான் எங்க போகணும்னு ஒருத்தரும் கேக்கல. ஒருக்கா டீ குடிக்கப் போனவனைக் கொண்டுபோய் எக்ஸ்ரே ரூம் வாசல்ல விட்டுட்டாங்க." சிரித்தார். "நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

குர்லா பெண்மணியின் மூட்டை நினைவுக்கு வந்தது. பதிலாக, என்னிடம் இருந்த ஒரே உண்மையைச் சொன்னேன். எனக்கும் டிபி வந்தது, கழுத்தில், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், வீட்டுக்கு வெளியே இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவப்படுவார் என்று நினைத்தேன்.

"ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போச்சா?"

"போச்சு."

"நான் முத நாள் ரத்தம்னு நெனச்சு ஊரைக் கூட்டிட்டேன்."

நான் பாத்ரூமில் அரைமணி நேரம் அழுததையும், என் கணவர் கதவுக்கு வெளியே நின்று மாத்திரைச் சீட்டில் அது மருந்தின் நிறம்தான் என்று இருந்ததை உரக்கப் படித்ததையும் சொன்னேன். வாஷி பாலத்தின் நடுவில், லாரிகள் எங்களைத் திட்டிக்கொண்டு போக, சிரித்துச் சிரித்து அவரால் கொஞ்ச நேரம் சக்கரத்தைப் பிடிக்க முடியவில்லை. நான் தொடவில்லை.

செம்பூருக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனோம். நாதஸ்வரக்காரர் போய்விட்டிருந்தார். இசக்கி மைக்கில், "என்னைய ஒரே பாலத்தை ரெண்டு தடவை ஏறவச்ச அக்கா" என்று என்னை அறிமுகப்படுத்தினார். கூட்டம் சிரித்தது. செயலாளர் மாமி சிரிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்க வேண்டிய நான், எனக்கும் இந்த வியாதி வந்து போயிற்று என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மாமியார் சட்னிப் பாத்திரத்தை ரொம்ப நேரம் கிளறினார். ஆனால் அன்று கைகழுவும் இடத்தில் இரண்டு பேர் தனித்தனியாக வந்து என் கழுத்துக் கட்டி எப்படி ஆரம்பித்தது என்று கேட்டார்கள். அதில் ஒருத்திக்கு மாமியாரே டாக்டரின் நம்பரைக் கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது.

சாயங்காலம் தாராவியில் இசக்கி தான் சொல்ல வேண்டியதை ஒரு எழுத்து குறையாமல் சொன்னார்.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு 'காற்று' என்ற சொல் எனக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. நான் தியாவின் கணக்கு நோட்டை எட்டிப் பார்த்தால் போதும், என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ஃபேன் போடலியே, காத்து எங்கேர்ந்து வர்றது?" என்பார். மாமியார்கூட, உப்புப் போட நான் கரண்டியை வாங்கினால், "காத்து அடிக்க ஆரம்பிச்சாச்சு," என்கிறார்.

தியாவுக்கு அந்த வேடிக்கையெல்லாம் பத்தாது. போன வாரம் ஷூ லேஸோடு போராடிக்கொண்டிருந்தாள். கீழே ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. நான் குனிந்து, ஒரே ஒரு முடிச்சு, பட்டென்று போட்டுவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். போட்ட முடிச்சை அவிழ்த்தாள். லேஸை எல்லாத் துளையிலிருந்தும் உருவி வெளியே எடுத்து, முதல் துளையிலிருந்து கோக்க ஆரம்பித்தாள்.

வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. நான் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டேன்.