கட்டுக் குளிகையின் மகிமை

விஸ்வநத்தத்துக் கல்யாண மண்டபத்தில் அந்த வெள்ளிக்கிழமை கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் உட்கார இடமில்லை. அத்தனையும் பெண்கள். மேடையில் கனகசபாபதி அடிகள். தும்மினால், சிரித்தால் பெண்களுக்குச் சேலை நனைகிறதே, அது கன்னிமார் கோபமாம். அதை ஆற்ற அடிகளிடம் ‘கட்டுக் குளிகை’ இருந்தது. பூசணி விதைச் சத்து, அதற்கு மேல் அடிகள் ஊதிய மந்திரம். டப்பாவில் ‘அமெரிக்க ஆய்வில் தேறியது’ என்று தங்க எழுத்து. அச்சடித்த இடம் சிவகாசி. சாமிக்கு அமெரிக்கா அவ்வளவு பக்கம்!

முன்வரிசையில் பாண்டிலட்சுமி. ஏழாயிரம்பண்ணைக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். மூன்றாவது பிரசவத்தில் தொடங்கிய தொல்லை. கம்பெனி வேனில் யாராவது சிரிப்பு மூட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். திமிர் பிடித்தவள் என்று பெயராகிவிட்டது. மனசார ஒருதரம் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

“குளிகை மட்டும் போதாது தாயிகளா! விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. அதான் பத்தியம்!” என்றார் அடிகள்.

அதிசயம்! குளிகையும் பத்தியமுமாக இருந்த பாண்டிலட்சுமிக்குத் தொல்லை நின்றேவிட்டது. அடுத்த வெள்ளி மேடையேறிச் சாட்சி சொல்லவும் ஒத்துக்கொண்டாள். சித்திரை வெயில் முந்திக்கொண்டது. கம்பெனி வாசலில் மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

“எம்புட்டுத் தண்ணி குடிச்சீக அக்கா?” என்றாள் நர்ஸ் ஞானபூரணி.

“பத்தியம் சிஸ்டர். ஆனா ஒளுகல.”

“உள்ள போனாத்தானக்கா வெளிய வரும்!”

பாண்டிலட்சுமிக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை குளிகையைப் போட்டுத் தண்ணீரையும் வயிறாரக் குடித்தாள். அதே தொல்லையுள்ள பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் குளிகை போடாமல், நிழலில் உட்கார்ந்து, மத்தியானம் வரை பத்தியம் மட்டும் இருந்தாள். இருவரும் மிளகாய்ப்பொடியை மோந்து தும்மினார்கள். குளிகை போட்டவள் சேலை மாற்றினாள். போடாதவள் காய்ந்தபடி இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மைக்கைக் கொடுத்ததும் பாண்டிலட்சுமி இதையே சொன்னாள்.

“பத்தியத்த முறிச்சா கன்னிமார் சும்மா விடுமா?” அடிகள் சீறினார்.

“சுப்புத்தாய் ஒத்தக் குளிகையும் போடல சாமி. அவளுக்கு ஏன் நின்னுச்சு? சரி, இப்பவே எனக்குக் குளிகையும் ரெண்டு சொம்புத் தண்ணியும் குடுங்க. மிளகாப்பொடி நான் கொண்டாந்திருக்கேன். இங்கனயே பாத்துருவோம்.”

மண்டபம் மொத்தமும் அடிகளைப் பார்த்தது. அடிகளுக்குத் திடீரென்று அவசரமாக வந்துவிட்டது. பின்பக்கம் போனவர் போனவர்தான். ஊருக்கெல்லாம் கட்டு போட்ட மகானுக்குத் தனக்கு ஒன்று போட்டுக்கொள்ள மறந்துவிட்டது, பாவம்.

பிறகு ஞானபூரணி கம்பெனிப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். “ஒண்ணுக்க அடக்குறப்ப ஒரு தசைய இறுக்குவீகள்ல? மத்த நேரத்துல அத இறுக்கி, கொஞ்சம் பிடிச்சு, விடுங்க. மூச்ச அடக்காதீக. தண்ணியும் குடிங்க. மாசக்கணக்கா தினமும் செய்யணும். சரியாகலன்னா டாக்டரைப் பாக்கணும்.” மந்திரமும் இல்லை, தங்க எழுத்தும் இல்லை. அதனால் முதலில் நாலு பேர்தான் கேட்டார்கள்.

தீபாவளி சீசனில் வேனுக்குள் சுப்புத்தாய் அடிகள் ஓடிய ஓட்டத்தை நடித்துக் காட்டினாள். பாண்டிலட்சுமி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கண்ணில் மட்டும்தான்.

இனி எந்த அடிகளாவது மருந்தோடு பத்தியமும் சொன்னால், இரண்டில் வேலை பார்ப்பது எது என்று கேளுங்கள். கேள்வி கேட்பதற்கு எந்தப் பத்தியமும் கிடையாது.