மீனம்பாக்கத்தாரின் ஏற்பாடு

ஆரணியிலிருந்து வானத்தில் ஏறியவர்கள் அத்தனை பேரையும் ஏற்றிவிட்டவர் ஒரே மனிதர்தான். ஏரோப்ளேனைக் கண்டுபிடித்தவர்கள் என்ன நோக்கத்தில் கண்டுபிடித்தார்களோ, மீனம்பாக்கத்தாருக்கு ஒரு வேலை வேண்டுமே என்றுதான் செய்திருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவின் கருத்து.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். தபால்காரருக்கே அது தெரியாது. ‘மீனம்பாக்கத்தார், ஆரணி’ என்று மட்டும் எழுதிய கடிதங்கள் துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தவறாமல் அவர் வீட்டுக்கு வந்து சேரும். பிறந்தது சேவூர். தொழில் பட்டுப்புடவைத் தரகு. நெசவாளர் வீடுகளில் புடவை எடுத்து மெட்ராஸ் கடைகளில் கொண்டுபோய்க் கொடுப்பார். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் வேலைக்காக வெளிநாடு போக ஆரம்பித்தபோது, மெட்ராஸ் தெரிந்தவர் என்று இவரைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தைப் பார்த்தவர்தான். அதன் பிறகு புடவை வியாபாரத்தை ஓய்வு நேரத்தில் செய்துவந்தார்.

வெளிநாடு போகிறவர் யாராக இருந்தாலும், போகும் செய்தி வீட்டாருக்குத் தெரிவதற்கு முன் இவருக்குத் தெரிந்துவிடும். வந்து உட்கார்ந்துகொள்வார். பெட்டியை நெல் மண்டித் தராசில் ஏற்றி எடை பார்ப்பார். பிறகு ஒத்திகை. தன் வீட்டுக் கூடத்தில் பெஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, போகிறவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, பட்டுத் துண்டால் இடுப்பைச் சேர்த்துக் கட்டுவார். அவர் வீட்டம்மா தட்டில் டீ எடுத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே வரவேண்டும். ஒருமுறை அந்த அம்மா சலித்துப்போய், ஏரோப்ளேனில் டீ கொடுக்கிறவளுக்குச் சம்பளம் உண்டாமே என்று கேட்டார். மீனம்பாக்கத்தார் காதில் வாங்கவில்லை. டீ வந்தால் ‘தேங்க்யூ’ சொல்லவேண்டும் என்று பயணியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் அவர் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. எல்லாம் கேள்வி ஞானம். வெளிநாட்டிலிருந்து யாராவது லீவில் வந்தால் ஊரே டேப்ரிகார்டரையும் சென்ட்டையும் பார்க்கும். இவர் மட்டும் ஆளை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய், இறங்கியதும் வலது கைப் பக்கம் போனாயா இடது கைப் பக்கம் போனாயா, வெளியே வந்தால் பஸ் எங்கே நிற்கும், வெயிலா நிழலா என்று குடைவார். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் சேர்த்து அவர் மனத்துக்குள் ஒரு துபாயும் ஒரு சிங்கப்பூரும் கட்டிவைத்திருந்தார். அந்த ஊர்களை அந்தந்த நாட்டுக்காரர்கள் பார்த்தால் அடையாளம் கண்டிருக்கமாட்டார்கள்.

ஒருமுறை ஒரு பையனை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, வெளியே ஒரு வெள்ளைக்காரம்மா பெட்டியோடு தனியாக நின்றிருக்கிறார். அவர் தங்கவேண்டிய மகாபலிபுரம் ஓட்டலிலிருந்து கார் வரவில்லை. மீனம்பாக்கத்தார் அருகே போய், “நோ மேன் கம்?” என்று கேட்டார். அந்த அம்மா இல்லை என்று தலையாட்டினார். “கம்” என்று சொல்லி இவர் பெட்டியைத் தூக்கிவிட்டார். இவர் ஆரணியிலிருந்து கொண்டுவந்திருந்த வாடகைக் காரின் டிரைவருக்கோ மறுநாள் காலை ஆரணியில் கல்யாண சவாரி. ஆகவே மகாபலிபுரம் போகவேண்டியவர் ஆற்காடு வழியாக ஆரணிக்கு வந்து, மீனம்பாக்கத்தாரின் வீட்டம்மா கட்டிவிட்ட அரக்குப் புடவையில் கல்யாணத்துக்கும் போனார். கல்யாண ஆல்பத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். பார்க்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு இவரே மகாபலிபுரம் வரை போய், அந்த அம்மாவை ஒப்படைத்து, ஓட்டல் மேனேஜரை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்பினார். ஆளை வரச்சொல்லிவிட்டுக் கார் அனுப்பாதவன் எல்லாம் என்ன ஓட்டல் நடத்துகிறான் என்று மாதக்கணக்கில் பொருமினார்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆரணியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். என் கணவர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். அவர் போன புதிதிலேயே மீனம்பாக்கத்தார் என்னிடம் வந்து, நானும் பாஸ்போர்ட் எடுத்துவைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நான் எங்கே போகப்போகிறேன் என்றேன். “போறீங்களோ இல்லியோ, அது பாட்டுக்கு பொட்டில கெடக்கட்டும் டீச்சரம்மா” என்றார். அவர் தொல்லை தாங்காமல் எடுத்துவைத்தேன்.

ஒருநாள் வகுப்பில் இருக்கும்போது தந்தி வந்தது. சாரம் சரிந்து அவர் விழுந்துவிட்டார், இடுப்பும் காலும் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மனைவி வரலாம், கம்பெனி டிக்கெட் அனுப்பும். அதுவரை நான் தனியாகப் போயிருந்த அதிகபட்சத் தூரம் வேலூர். கூட வர யாருக்கும் பாஸ்போர்ட் இல்லை. இரண்டு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போகவேண்டும்.

டிக்கெட் வந்துசேர இரண்டு வாரமாயிற்று. புறப்படும் நாளில் சபைப் போதகர் வந்து ஜெபம் செய்தார். மீனம்பாக்கத்தார் ஜெபம் முடியும்வரை வாசலில் கைகட்டி நின்று, ஆமென் சொன்னதும் உள்ளே வந்து, பெட்டி என்ன எடை என்று கேட்டார். அன்று எனக்கு ஒத்திகை வைக்கவில்லை. டீயும் வரவில்லை. கம்பெனி வண்டி வந்து அழைத்துக்கொள்ளும் என்று தந்தியில் இருந்ததைக் காட்டினேன். அவர் தந்தியை நம்பாத முகத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

“வண்டி வரட்டும். வராட்டியும் நீங்க பேஜாராவாதீங்க. நான் ஆளுக்கு சொல்லிகீறேன்” என்றார்.

யார் அந்த ஆள் என்று கேட்டதற்கு, ஆரணிப் புடவைக் கரை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார், பார்த்தால் தெரியும் என்றார். அதோடு ஒரு விதியும் சொன்னார். வழி தப்பினால் நடக்கக்கூடாது. நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். தேடி வருகிறவர்களுக்கு அசையாமல் நிற்கிறவர்கள்தான் கிடைப்பார்கள்.

விமானம் மறுநாள் காலை. முந்தின நாள் மதியமே என்னை மீனம்பாக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அது அவர் வழக்கம். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தேன். கம்பிக்கு வெளியே துண்டை ஆட்டிக்கொண்டு நின்றார். விமானம் புறப்படும்வரை அப்படியே நின்றதாகக் கார் டிரைவர் பிறகு சொன்னார்.

சிங்கப்பூரில் இறங்கி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் கதவை நெருங்கினேன். கூட்டத்தில் நூறு முகங்கள். எதுவும் தெரிந்த முகமில்லை. யாரும் வந்திருக்கமாட்டார்கள், இவர் சொன்னதெல்லாம் கூடத்துப் பெஞ்சுக் கதைதான் என்று தோன்றியது. அப்போது மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுக் கரையைப் பார்த்தேன். அதைப் பிடித்திருந்தவர் சட்டையில் மசாலாக் கறையோடு நின்றார். சிராங்கூன் ரோட்டில் சமையல்காரர், போளூர்க்காரர். அவரிடம் போகலாம் என்று திரும்பினால் இந்தப் பக்கம் பச்சையில் ஒரு கரை. தேவிகாபுரத்துத் தம்பி, கட்டட வேலை. அதற்கு அப்பால் அரக்கில் ஒன்று. தூணோரம் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று. கூட்டத்துக்கு நடுவில் கோட்டு சூட்டுப் போட்ட சீனர் ஒருவர், ஒரு கையில் பட்டுக் கரையும் மறு கையில் ‘ஆரணி டீச்சர்’ என்று தமிழில் எழுதிய அட்டையுமாக நின்றார். அட்டை தலைகீழாக இருந்தது. அவர் கடைத் தையல்காரர் ஆரணிக்காரராம். தையல்காரருக்கு அவசரமாகத் தைக்கவேண்டிய துணி இருந்ததால் முதலாளியே வந்துவிட்டார்.

ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று மீனம்பாக்கத்தார் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. மற்றவர் யாரும் வரமாட்டார்கள், உன்னைத்தான் நம்பியிருக்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, கரைத் துண்டு ஒன்றையும் உள்ளே வைத்து எழுதியிருக்கிறார். ஒவ்வொருவரும் நான் தனக்கு மட்டும் ஒப்படைக்கப்பட்டவள் என்று நினைத்து வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஆகவே யார் என்னை அழைத்துப்போவது என்று சண்டை. போளூர்க்காரர் என் பெட்டியை ஒரு பக்கம் இழுக்க, தேவிகாபுரத்துத் தம்பி இன்னொரு பக்கம் இழுத்தார். சீனர் தன் அட்டையைத் தட்டித் தட்டிக் காட்டினார். எழுத்துப்பூர்வமான ஆதாரம் அவரிடம்தானே இருந்தது.

சேவூரிலிருந்து கல்யாணமாகி வந்து அங்கேயே குடியிருக்கும் ஒரு அக்காவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர்தான் பெட்டியிலிருந்து எல்லார் கையையும் விலக்கினார். “அவளே பதறிகினு வந்துகீறா. நீங்க இன்னா இங்க சந்தை போட்டுகினு” என்று ஒரு அதட்டல் போட்டார். அந்த நேரத்தில் கம்பெனி வேனும் வந்துசேர்ந்தது. ஒரு பெண்ணை அழைத்துப்போக வந்த டிரைவர், பட்டுக் கரையோடு ஏறிய ஏழு பேரையும் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் வண்டியை எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என் கணவர் கட்டுப்போட்ட காலை மேலே தொங்கவிட்டுப் படுத்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் வரிசையாக நுழைந்தவர்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். “டாக்டர் என்கிட்ட எதுனா மறைக்கிறாரா?” என்று மெதுவாகக் கேட்டார். விபத்துக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

சேவூர் அக்கா வீட்டில்தான் தங்கினேன். ஆஸ்பத்திரிக்குத் தினம் பஸ்ஸில் போகவேண்டும். ஆரம்பத்தில் முறைவைத்துக்கொண்டு ஆளுக்கு ஒருநாள் அழைத்துப்போனார்கள். ஆளுக்கு ஒரு விதமாக வழி சொல்லிக்கொடுத்தார்கள். போளூர்ச் சமையல்காரருக்கு ஊரே வாசனைதான். மீன் வாசனை வந்தால் தயாராகு, ரொட்டி வாசனை வந்தால் இறங்கு என்றார். எனக்கு ஜலதோஷம் பிடித்த அன்று அந்தப் பாடம் பயன்படவில்லை. தேவிகாபுரத்துத் தம்பி கிரேனை அடையாளம் சொன்னார். அடுத்த வாரம் அந்தக் கிரேன் வேறு தெருவுக்குப் போய்விட்டது. சீன முதலாளி வழியே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசிக் கஞ்சியை எடுத்துக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். அவரும் என் கணவரும் ஒரு வார்த்தை புரியாமல் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தைரியம் வந்து தனியாகப் போன முதல் நாளே வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன். கட்டடங்கள் குறைந்து, தென்னை மரங்கள் வந்து, கடைசியில் கடல் வந்துவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். மீனம்பாக்கத்தார் சொன்ன விதிப்படி நடக்காமல், இறங்கிய இடத்திலேயே நின்றேன். வெயில் ஏறியது. நான் தொலைந்தது யாருக்கும் தெரியாதபோது யார் தேடி வருவார்கள் என்று யோசிக்க எனக்கே வெகுநேரம் பிடித்தது. டீ குடித்துவிட்டு வந்த மலாய்க்கார டிரைவர் என்னைப் பார்த்தார். இன்னொரு சவாரி போய்விட்டு வந்தும் பார்த்தார். அதே இடத்தில் நின்றேன். மூன்றாம் முறை வண்டியை விட்டு இறங்கி வந்து, நான் நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்து, தனக்கு நேர் பின்னால் உட்காரவைத்து, சரியான பஸ் வரும் நிறுத்தத்தில் இறங்கிக் கை காட்டிவிட்டுப் போனார். இதை ஊருக்கு எழுதினேன். அதன் பிறகு போனவர்களுக்கெல்லாம், வழி தப்பினால் டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி நில்லுங்கள் என்று மீனம்பாக்கத்தார் விதியைத் திருத்திச் சொன்னாராம்.

என் கணவர் ஊன்றுகோலில் நடக்க ஆரம்பித்ததும் கிளம்பினோம். வழியனுப்ப வந்த கூட்டத்தைப் பார்த்து விமான நிலையத்தில் சிலர் ஏதோ மந்திரி போகிறார் என்று ஒதுங்கி நின்றார்கள்.

மீனம்பாக்கத்தில் அவர் காத்திருந்தார். என் கணவரைப் பிடித்துப் பின் சீட்டில் கால் நீட்டி உட்காரவைத்தார். என்னை முன்னால் தனக்கும் டிரைவருக்கும் பக்கத்தில் கதவோரம் உட்காரச் சொன்னார். இனி வலதா இடதா என்று ஆரம்பிப்பார் என்று பதில்களோடு தயாராக இருந்தேன். காஞ்சிபுரம் தாண்டியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் என் கணவர் தூங்கிவிட்டார். வயல்கள் வந்துகொண்டிருந்தன.

“வெளிய வந்ததும் ஆளு நின்னாங்களா டீச்சரம்மா?” என்றார்.

கடிதத்தில் எழுதியிருந்தேனே என்றேன். எழுதியதைப் படித்தாயிற்று, வாயால் சொன்னால் கேட்கலாம் என்றுதான் என்றார். பிறகு அவராகவே சொன்னார். தன் கல்யாணத்துக்கு முந்தி, புடவை மூட்டையோடு பம்பாய் போனாராம். ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்ன வியாபாரி வரவில்லை.

“காலைலேர்ந்து பொழுது சாயறவரைக்கும் நின்னேன். பாஷ தெரியல. அம்மாம் ஜனம் போவுது வருது. ஒருத்தனும் என்னத் தேடி வரல” என்றார்.  

கொஞ்ச தூரம் போனதும் நான் சொன்னேன்: “எனக்கு ஏழு பேர் வந்தாங்கண்ணா.”

அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏழா? எட்டு பேருக்கு இல்ல எழுதியிருந்தேன்? எவன் வரல?”

ஆரணி வரும்வரை அந்த எட்டாவது ஆளைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் கண்ணைப் பார்த்திருந்தால் அதற்கும் உடனே ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார்.