புஷ்பவல்லி டியூட்டிக்கு வரவில்லை

ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. ஆனால் இல்லாத ஆளைத் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வரவில்லையே என்று திட்டி, அவளுக்கு லீவும் போட்டுக் கொடுத்தவர் ஹாஜ்ரி சிஸ்டர் ஒருவர்தான்.

ஹாஜ்ரி என்றால் எங்கள் அந்தமான் இந்தியில் வருகைப் பதிவு. அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் அங்கேதான் வேலை.

நர்சிங் மாணவியாக முதல் நாள் பெண்கள் வார்டுக்குப் போனேன். பாம்பூஃப்ளாட்டில் முதல் ஃபெர்ரியைப் பிடித்து, சாத்தாமில் இறங்கி ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். குள்ளமாக, ஒல்லியாக, தோளுக்கு ஒரு சைஸ் பெரிய கோட்டு போட்ட ஒரு அம்மா ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“ராஜாத்தி?”

பதில் இல்லை.

“ரீட்டா? ஜெயமணி?”

சுவரில் பல்லி மட்டும் சத்தம் போட்டது.

“புஷ்பவல்லி? இவ இன்னைக்கும் வரலையா! சரி, லீவு.”

நான் பயந்துபோய்க் கேட்டேன். “யாரு சிஸ்டர் இந்தப் புஷ்பவல்லி?”

“இந்த வார்டுலயே மகா சோம்பேறி, புள்ள. ஆறு வருஷமா ஒரு நாள்கூட வரல.”

“அப்ப வேலைய விட்டுத் தூக்கிடலாமே?”

“தூக்கணும்னா மொதல்ல வேலைக்கு வெக்கணுமே!”

காலை டியூட்டிக்கு ஆறு நர்ஸ் என்று காகிதத்தில் இருந்தது. வார்டில் இருந்தது இரண்டு பேர். காலியாகக் கிடந்த நாலு இடத்துக்கும் ஹாஜ்ரி சிஸ்டர் பெயர் சூட்டி, ஆளுக்கு ஏழெட்டு பெட்டும் பிரித்துக் கொடுத்திருந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் யாரும் வரவில்லை என்று ஒரு வங்காளி அம்மா சண்டைக்கு வந்தால், “உங்க பெட்டு புஷ்பவல்லியோடது, வந்ததும் திட்டுறேன்” என்பார். அந்த அம்மா இந்தியில், “அவள் எங்கே?” என்று கேட்பார். “மெயின்லேண்ட் சலி கயீ” என்பார் சிஸ்டர். உடனே சண்டை நின்றுவிடும். இங்கே யார் காணாமல் போனாலும் மெயின்லேண்டுக்குத்தான் போயிருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, போர்டில் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்துவிட்டு, “புஷ்பவல்லி எங்கே?” என்றார். “ஆப்சென்ட் சார்.” “நேற்று?” “நேத்தும்தான் சார்.” அவர் முகம் சிவந்து, ‘இந்த ஊழியர் மீது கடும் நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். “நடவடிக்கை எடுத்தா நல்லாத்தான் இருக்கும்” என்றார் சிஸ்டர்.

எங்கள் கடைசி வருஷத்தில் தொழில்முனைவோர் பயிற்சி என்று மூன்று நாள் வைத்தார்கள். மெயின்லேண்டிலிருந்து ஒருவர் கோட்டும் டையுமாக வந்திருந்தார். அந்தப் புழுக்கத்தில் அவரைப் பார்க்கவே எங்களுக்கு வியர்த்தது. “நீங்க வேலை தேடுறவங்க இல்ல, வேலை குடுக்கிறவங்க!” என்று சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் மேடையில் வேண்டும் என்று கேட்டாராம். அன்று வார ஓய்வில் இருந்த ஒரே ஆள் ஹாஜ்ரி சிஸ்டர். அவரையே அனுப்பிவிட்டார்கள்.

“சொல்லுங்க சிஸ்டர், உங்க பார்வையில மார்க்கெட்ல கேப் எங்க இருக்கு?”

“என் வார்டுல இருக்கு சார். நாலு பேரு கேப்பு.”

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு சிஸ்டர் கேட்டார். “இந்தப் புள்ளைங்க கம்பெனி ஆரம்பிச்சு, வசதியானவங்க வீட்டுல போயி நல்லா பாத்துக்குவாங்க. சந்தோஷம். என் வார்டுக்கு யாரு சார் வருவா?”

“அது பாலிசி விஷயம் சிஸ்டர். நாம வாய்ப்புகளைப் பத்தி மட்டும் பேசுவோம்.”

மூன்றாம் நாள் எல்லாரும் தொழில் திட்டம் கொடுத்தோம். சிஸ்டரும் டியூட்டி முடிந்த கையோடு வந்து ஒரு தாள் கொடுத்தார். நோயாளி பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான் அவருடைய தொழில். கோட்டுக்காரர் தலையை ஆட்டினார். “இதை ஸ்கேல் பண்ணி பெருசாக்க முடியாதே, சிஸ்டர்.”

“இருபது வருஷமா நானும் பாக்குறேன் சார். முடியலதான்.”

படிப்பு முடிந்து நான் அதே வார்டில் கான்ட்ராக்ட் நர்ஸாகச் சேர்ந்தேன். சேர்ந்த நாலாம் மாதம், மழை கொட்டிய ஒரு மதியம், ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு மூச்சுத் திணறல், ஒருவருக்கு வலிப்பு. சிஸ்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பதினோராம் பெட்டில் மீன் விற்கிற தெலுங்கு அம்மா ஒருவர் இருந்தார். காய்ச்சலில் துவண்டு கிடந்தவர், “சிஸ்டர், பாத்ரூம் ஜானா ஹை” என்றார்.

“ஏக் மினிட், அம்மா” என்றேன்.

அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரம் ஆனது. நாலு தடவை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. தானே எழுந்து போய் விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சில் சளி கட்டி மூன்றே வாரத்தில் போய்விட்டார்.

பதினோராம் பெட்டுக்குப் பொறுப்பு யார் என்று மெமோ வந்தது. ஹாஜ்ரி சிஸ்டர் தன் முத்து முத்தான கையெழுத்தில் பதில் எழுதினார்: ‘மேற்படி பெட் புஷ்பவல்லியின் பொறுப்பு. அவர் அன்று டியூட்டிக்கு வரவில்லை. இந்த இடம் உருவான நாள் முதலாக வரவில்லை. அவர் மீது நடவடிக்கை எடுக்க ஏற்கெனவே உத்தரவு உள்ளது.’

ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை. அவரைத் தெற்கே நிக்கோபார் பக்கம் இருக்கிற கட்சால் தீவுக்கு மாற்றினார்கள்.

நான் அழுதுகொண்டே போய் நின்றேன். “ஒரு நிமிஷம்னு சொன்னது நான்தான், சிஸ்டர். எழுதிக் குடுத்திடுறேன்.”

“எழுதாத. உன் கான்ட்ராக்ட் போயிடும். அப்புறம் அந்த எடத்துக்கும் நான் ஒரு பேரு வெக்கணும். எனக்குப் பேரு தீந்து போச்சு, புள்ள.”

நான் எழுதவில்லை. இதைப் படிக்கிற நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, எழுதவில்லை.

கப்பல் ஏறுகிற அன்று வழியனுப்ப வந்த ஒருவர், “சொந்தத் தீவுக்கே போறீங்க, நல்லதுதானே சிஸ்டர்” என்றார். சிஸ்டரின் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள்.

“தீவு இருக்குதுங்க” என்றார் சிஸ்டர். “சுனாமியில வீட்டு ஆளுங்கதான் போயிட்டாங்க.” சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். பெட்டியை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இரண்டு பேர் சென்னையில் ஹோம் நர்சிங் கம்பெனி நடத்துகிறார்கள். வாசலில் ரிப்பன் வெட்டிய போட்டோ வந்தது. அவர்கள்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வார்டில் காலை டியூட்டிக்கு நான் ஒருத்திதான், கூட ஒரு மாணவி. ஹாஜ்ரி சிஸ்டரின் இடமும் இப்போது காலி. நான் இப்போதெல்லாம் யாரிடமும் “ஒரு நிமிஷம்” என்று சொல்வதில்லை. “வர முடியாதும்மா” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் முகம் அப்படியே சுருங்கிப்போகிறது. நாலு வருஷ அனுபவத்தில் நான் தேறியது அவ்வளவுதான்.

கட்சாலிலிருந்து கப்பல் வரும்போதெல்லாம் யாரிடமாவது எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறார் சிஸ்டர். அவரே உப்புப் போட்டுக் காயவைத்த கருவாடு. மறுநாள் போன் பண்ணி, “நல்லா இருந்துச்சா, புள்ள?” என்பார். எனக்குக் கருவாட்டு வாடையே ஆகாது. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, “இன்னும் கொஞ்சம் அனுப்புங்க சிஸ்டர்” என்கிறேன்.