சமையலறையில் எழுந்த சத்தம்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான் நலம். மனம் பரம நலம். உடம்பைப் பற்றி எழுதுவதற்கில்லை. உடம்பு நானல்ல என்று தியான வகுப்பில் மூன்றாம் வாரமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அங்கு நீங்களும், அக்காவும், கட்டுப் போட்ட கையோடு உங்கள் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் என்னை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. அதனால் எனக்குள் எந்தச் சலனமும் இல்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

அவள் என்ன சொன்னாளோ தெரியாது, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு நான் சிடுசிடுவென்று இருப்பதைப் பார்த்து, "தியான வகுப்புக்குப் போய்ப் பாருங்க மாப்பிள்ளை, மனசு லேசாயிடும்" என்றவர் நீங்கள். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் நீங்கள்தான். எண்ணங்கள் வரும், போகும், தொடாமல் சாட்சியாகப் பாருங்கள் என்றார் ஆசிரியை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்து நான்கு வருஷம் பல்பு தொழிற்சாலையில் நான் பார்த்த வேலையே அதுதானே! பல்பு வரிசையாக வரும், எரியும், பார்ப்பேன். பழுதென்றால் பென்சிலால் ஒரு தட்டு, கழிவுத் தொட்டியில் விழுந்துவிடும். எண்ணங்களையும் அப்படியே சோதித்து நோட்டில் குறித்தேன். வந்தவை நூற்றுப் பன்னிரண்டு, தேறியவை இரண்டு, மீதி கழிவு. ஆசிரியை நோட்டைப் பார்த்துவிட்டு, "பாதி தூரம் வந்துட்டீங்க சார், நோட்டை மட்டும் விட்டுடுங்க" என்றார். முதல் பாதியைத்தான் வீட்டில் சொன்னேன். உங்கள் தங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "பாதி தூரம் என்ன, கல்யாணமான நாள்லேருந்தே நீங்க அங்கதான் இருக்கீங்க. புள்ளைக்கு ஜுரம் வந்தப்பவும் பார்த்துக்கிட்டுதானே நின்னீங்க" என்றாள். அந்தச் சொல்லையும் கழிவில் தள்ளினேன்.

பிறகு பால் பொங்கியது, பார்த்தேன். மேல்தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டியது, பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் வந்து "காது கேக்கலையா உங்களுக்கு?" என்று கத்தினார். கேட்கிறது, ஆனால் கேட்பவன் நானல்ல என்று பணிவாகச் சொன்னேன். அந்த வியாழக்கிழமை காலை புலன்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். சமையலறையில் தடாலென்று சத்தம். ஒரு சத்தம் எழுகிறது, அடங்குகிறது என்று குறித்துக்கொண்டேன். "ஏங்க" என்றாள். ஓர் அழைப்பு எழுகிறது. மறுபடியும் "ஏங்க". மூன்றாவது முறை குரல் சரியாகவே வரவில்லை. அதற்குப் பின் ஆழ்ந்த அமைதி வந்தது. பயிற்சியின் பலன் என்று பூரித்துப்போனேன். கண்ணைத் திறந்து போய்ப் பார்த்தால், கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார். ஈரத் தரையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்திருந்தது. அவள் அழவில்லை. நான் பல்பைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். மறுநாள் ஒற்றைக் கையால் பெட்டியை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆகவே அவள் எத்தனை மாதம் வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம். எனக்குப் பற்று அறுந்துவிட்டது. நானே சமைத்துச் சாப்பிடுகிறேன். உப்பில்லை என்பது வெறும் புலனறிவு. வீடு அமைதியாக இருக்கிறது, இவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோருக்கும் உள்ளொளி பெருகட்டும்.

பற்றற்ற,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் மச்சான். பதினொரு நாளாக நோட்டில் ஒரே எண்ணம்தான் வருகிறது: "ஏங்க". திருப்பித் திருப்பிச் சோதித்துவிட்டேன், அதில் ஒரு பழுதும் இல்லை. இத்தனை வருஷமும் அவள் பழுதில்லாமல்தான் கூப்பிட்டிருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. இந்த வீட்டில் தனியாக இருக்கப் பயமாகவும் இருக்கிறது. கடிதம் கிடைக்கும் அன்றோ மறுநாளோ உங்கள் வாசலில் வந்து நிற்பேன். "திறக்காதீங்கண்ணா" என்று அவள் சொல்வாள். நீங்களாவது சாட்சியாக உட்கார்ந்திருக்காமல், எழுந்து வந்து கதவைத் திறந்துவிடுங்கள்.