கீழக்குயில்குடிக்கு மட்டும் பெய்த மழை

படிக்காதவர்கள் முட்டாள்தனம் செய்தால் அதோடு விட்டுவிடுவார்கள். படித்தவர்கள் அதற்கு வரைபடமும் போடுவார்கள். நான் கலரில் போட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள், சிவில் இன்ஜினியர் ஆனவள் நான். (பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவர்களிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறேன்; யாரும் கேட்டதில்லை.) மதுரையில் ஒரு சின்ன அலுவலகத்தில் தற்காலிக வேலை. கீழக்குயில்குடிப் பக்கம் வரும் புது வீட்டுமனைகளுக்கு மழைநீர் வடிகால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று நான் கணக்கிட வேண்டும். அறிக்கை சரியாக வந்தால் வேலை நிரந்தரம்.

எங்கள் வீடும் அங்கேதான். மொட்டைமாடியில் மழைமானியை வைத்துவிட்டு நான் டவுனில் ஹாஸ்டலில் இருந்தேன். நான் சொல்லிக்கொடுத்தபடி காலையில் அளவைப் பார்த்து அப்பா போனில் சொல்வார். முதல் வாரம் முழுக்க, "சைபர் தாயி" என்று இழவு வீட்டுக் குரலில் சொன்னார். எட்டாம் நாள் நல்ல மழை. "பதினெட்டு மில்லி!" என்றார். "சூப்பர்ப்பா!" என்று கத்தினேன்.

அதன்பிறகு மழை ஓயவே இல்லை.

நாகமலையில் காய்ந்தது, உசிலம்பட்டியில் காய்ந்தது. எங்கள் ஊரில் மட்டும் தினமும் மழை. அதிலும் ஞாயிற்றுக்கிழமை பெய்யாது. வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் கோட்பாடு கண்டுபிடித்தேன். ஊரை ஒட்டிய சமணர் மலை மேகத்தைத் தடுக்கிறது; ஞாயிறன்று லாரி ஓடாததால் தூசி இல்லை, தூசி இல்லாததால் மழை இல்லை. வடிகாலை இரண்டு மடங்கு அகலமாக்கச் சொல்லி, கலர் வரைபடத்தோடு அறிக்கை கொடுத்தேன்.

மேலதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, மழை உங்க வீட்டுக்கு மட்டும் வழி கேட்டு வருதா?"

"நேர்ல வந்து பாருங்க சார், புரியும்" என்றேன் (அவ்வளவு திமிர்).

மறுநாள் காலையிலேயே என்னோடு வந்துவிட்டார். சுள்ளென்று வெயில். மாடி ஏறினால், அப்பா சொம்பிலிருந்து மழைமானிக்குள் பதமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா செய்ற?"

"நெதமும் சைபர் வாங்குனா ஒன்னயப் பெயிலாக்கிருவாய்ங்கள்ல தாயி?"

"அதுக்காகப் பொய் சொல்லுவியா?"

"நான் எங்க பொய் சொன்னேன்? ஊத்திட்டு, அளந்துதேன் சொன்னேன்."

மேலதிகாரி மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஞாயித்துக்கிழமை ஏண்ணே ஊத்தல?"

"லீவுல்ல சார்?"

வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. மழைமானிக்குக் கம்பிக்கூண்டு போட்டுச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். கதையைத்தான் பூட்ட முடியவில்லை. கத்திரி வெயில் வந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "மாமா, தாங்கல. ஒரு மழையப் போடுங்க!"

அப்பா கொஞ்சமும் கூச்சப்படாமல் கேட்பார்: "எம்புட்டு மில்லி வேணும் மாப்ள?"