பூட்டிக்கொண்ட நாவல்

நாவல் எழுதப் போகிறவன் எழுதுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வான். நான் மென்பொருள் வாங்கினேன்.

ஹைதராபாத் சைனிக்புரியில் வாடகை வீடு, வீட்டுக்கு ஒரே லேப்டாப். அதில் வேர்டு இருக்கத்தான் செய்தது. "அதுல அடிச்சா எழுத்து விழாதா?" என்றாள் மனைவி சாந்தி. வேர்டில் லீவு லெட்டர் எழுதலாம், இலக்கியம் எழுத முடியாது என்று விளக்கினேன். (அதுவரை நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டர்தான்.)

எழுத்தாளர்களுக்கென்றே செய்த மென்பொருள் அது. கவனம் சிதறாமலிருக்க ஒரு பூட்டு உண்டு. போட்டுவிட்டால், ஐந்நூறு சொல் எழுதும்வரை கம்ப்யூட்டரில் வேறெதுவும் திறக்காது. அணைத்துப் போட்டாலும் விடாது.

ஒரு சனிக்கிழமை காலை குளித்து, விபூதி பூசி, பூட்டைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இஸ்திரி போட்ட சேலையில் சாந்தி வந்து நின்றாள்.

"எந்திரிங்க. இன்னும் அரை மணி நேரத்துல எனக்கு லேப்டாப்புல இன்டர்வியூ."

மகள் பிறந்தபோது வேலையை விட்டவளுக்கு, பல வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு. கூடவே தேர்வும் இருந்ததால் போனில் நடக்காது. திரையில் ஆறு சொற்கள்தான் இருந்தன.

"கைக்கு லாக் கியே டாடி?" என்றாள் மகள். (எதற்குப் பூட்டினேனாம்! நாங்கள் தமிழில் பேசினால் அவள் ஹைதராபாத் இந்தியில் பதில் சொல்வாள்.)

"எதையாவது அடிச்சுத் தொலைங்க!" என்று கத்தினாள் சாந்தி.

எதையாவது அடிக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் வரியில் மழை பெய்வதா, தூறுவதா என்று அழித்து அழித்து எழுதினேன். ஆறு சொல் நான்காகிவிட்டது.

என்னைத் தள்ளிவிட்டு அவள் உட்கார்ந்தாள். 'இந்த மனுஷனுக்கு காஸ் சிலிண்டர் மாத்தத் தெரியாது, தமிழ் இலக்கியத்தை மாத்தப் போறாராம்' என்று ஆரம்பித்தவள் தலை நிமிரவே இல்லை. அதில் நான் வந்தேன், என் அம்மா வந்தார், கல்யாணத்தன்று என் பெரியப்பா சாப்பாட்டுப் பந்தியில் போட்ட சண்டை வந்தது. பூட்டு திறந்துகொண்டது. அவள் எழவில்லை.

"சாந்தி, இன்டர்வியூ!"

"இருங்க, உங்க அம்மாவை முடிச்சுக்கிறேன்."

கெஞ்சித்தான் நிறுத்தினேன். வேலை கிடைத்தது. எழுதியதை அவள் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். ஒரு வரிகூட வெட்டாமல் போட்டு, இன்னும் எழுதச் சொல்லிக் கடிதமும் போட்டார்கள். என் அம்மா என்னோடு பேசுவதில்லை. நான் இப்போது வேர்டுக்கே திரும்பிவிட்டேன். மழையா தூறலா என்பது இன்னும் முடிவாகவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள், "சார்தானே ரைட்டர்?" என்று கேட்கும்போது மட்டும் எனக்கு ஆசை எட்டிப் பார்க்கும். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டு, எது யாருடையது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள்:

"நஹீ அங்கிள். சாஃப்ட்வேர் டாடி கா, ஸ்டோரி அம்மா கி."